கதவைச் சாத்துமுன் தொட்டுப் பார்க்கும் பை

எந்த வீட்டில், எந்த அறைக்குள் போனாலும், கதவைச் சாத்துமுன் என் கை இடுப்புக்குப் போய்விடும். பாவாடை நாடாவில் முடிந்த சின்னச் சீலைப் பை ஒன்று அங்கே தொங்குகிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே உடுப்பு மறைப்பதால் யாருக்கும் தெரியாது. மகளுக்கும் பக்கத்து வீட்டு மச்சிக்கும் மட்டும் தெரியும். மகள் அதற்கு ‘உம்மாட ஹாட்வெயார்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். கடை என்று சொல்லுமளவுக்கு அதற்குள் ஒன்றுமில்லை. நெல் மூட்டை தைக்கிற ஊசி, தையல் மெசினோடு வந்த கட்டை ஸ்குரூ டிரைவர், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே கிடந்த இன்னொன்று, விரலளவு டோர்ச், விசில், ஒரு துண்டுத் துணி. இவை என்னிடம் ஆசைப்பட்டு வந்து சேரவில்லை. பயம்தான் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தது.

என் கணவர் மௌத்தாகி, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருந்த காலம் அது. நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்க வேண்டும். இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாகப் படவில்லை. சின்ன வயதிலிருந்தே ஆட்கள் முன்னால் வரக் கூச்சப்படுகிறவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை அடைத்துவிடும்.

வீடு கல்முனைக்குடியில், கடலுக்கு இந்தப் பக்கம் ரெண்டு ஒழுங்கை தள்ளி. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. மருமகன் கட்டாரில். மகளுக்கு அக்கரைப்பற்றில் ஒரு ஒபிஸில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பின்னேரம்தான் வருவாள். அந்த வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பல வருடமாக இந்தா அந்தா என்று இழுபட்டு, அந்த வருடம்தான் நிரந்தரமாக்கப்போகிறார்கள் என்று கதை வந்திருந்தது. “லீவு மட்டும் போடப்படாது உம்மா, லீவு போட்டாக்களத்தான் முதல்ல வெட்டுவாங்க” என்று மகள் அடிக்கடி சொல்வாள். வாப்பாவின் மையித்தை அடக்கியபோதுகூட அவள் அதிகம் நாள் வீட்டில் நிற்கவில்லை.

எனக்கு ஆண் பிள்ளை இல்லை. உடன்பிறந்த காக்காமாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இத்தா முடியும்வரை அந்த வீட்டுக்குள் வரக்கூடிய ஆண் என்று ஊரில் ஒருவரும் இல்லை. பைப் உடைந்தாலும் கரண்ட் நின்றாலும் வேலைக்காரரைக் கூப்பிட ஏலாது. போகும்போது மகள் கேற்றை வெளியே பூட்டிவிட்டுப் போவாள். கள்வர் பயம் ஒரு பக்கம், இத்தா வீடு என்று தெரியாமல் யாரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயம் மறு பக்கம்.

ஒரு நாள் பகல், லுஹர் தொழுகைக்கு முன்னால் குளிக்கப் போனேன். பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக் கதவு. அதில் உருண்டைப் பூட்டு. நடுவிலிருக்கும் பொத்தானை அமத்தினால் பூட்டும், உருண்டையைத் திருப்பினால் திறக்கும். குளித்து முடிந்து, ஈரப் பாவாடையோடு நின்று உருண்டையைத் திருப்பினேன். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கதவு அசையவில்லை. மாற்றுடுப்புக் கட்டிலில் இருந்தது. போனும் கட்டிலில்.

முதலில் இப்பக்கம் திருப்பினேன், பிறகு அப்பக்கம். தோளால் தள்ளினேன். இழுத்துப் பார்த்தேன். உருண்டை என் கையில் பல்லில்லாத வாய் மாதிரி ஒன்றையும் கடிக்காமல் சுற்றியது. மேலே சின்னக் காற்றுத் துவாரம், ஒரு கையை விடலாம், தலையை விட ஏலாது.

பக்கத்து வீட்டில் மச்சி கூரைக்குத் தகடு மாற்றிக்கொண்டிருந்தாள். என் கணவரின் தங்கச்சிதான் அந்த மச்சி. கூரையில் மூன்று ஆண்கள் நின்றார்கள். அவர்களுடைய கதை எல்லாம் எனக்குக் கேட்டது.

“டேய், ஆணியக் கடிச்சிட்டு நிக்காம இஞ்சால தாடா.”

“ஒனக்கென்ன, நீ சும்மா பிடிச்சிட்டு நிக்கிறாய். சுடுறது எண்ட காலுக்கு.”

“காலுக்குச் சுட்டா செருப்பப் போடு. மாப்பிள்ளைக்குத் தோலு மெல்லிசு.”

அவர்கள் சிரித்தது கேட்டது என்றால், நான் ஒரு சத்தம் போட்டால் அவர்களுக்கும் கேட்கும். மதிலைத் தாண்டிக் குதித்து வந்திருப்பார்கள். நல்ல பிள்ளைகள். கதவை உடைத்திருப்பார்கள். உடைத்தால் உள்ளே நிற்பது ஈரத் துணியோடு நான், இத்தாவில் இருக்கிறவள். வாயைத் திறந்தேன். அல்லாஹ் அறிய, திறந்தேன். சத்தம் வரவில்லை.

பிறகு அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். சுத்தியல் நின்றதும் கடல் கேட்கத் தொடங்கியது. அதுவரை கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. 

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் பழைய வீட்டில் இருந்தோம். நான் உள்ளறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கதவை வெளியிலிருந்து அமத்திப் பிடித்துக்கொண்டது. கதவுக்குக் கீழால் கறுப்பாக உள்ளே வந்தது, முழங்கால், இடுப்பு என்று ஏறியது. நான் எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை. அவர் எங்கிருந்தோ வந்து, உலக்கையோ என்னவோ ஒன்றால் கதவின் பலகையை உடைத்து, அந்த ஓட்டையால் என்னை இழுத்தெடுத்தார். என் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு சாத்திய கதவு என்றாலே எனக்கு நெஞ்சு அடிக்கும். ஆனால் வீட்டில் அவர் இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய இருமல் கேட்கும். அது போதும். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை.

மூலையில் குந்திக்கொண்டு ஸலவாத்து ஓதினேன். பைப்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அந்தத் தண்ணீர் நிறைந்து ஏறப்போகிறது என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. போகிற வழி திறந்துதான் இருக்கிறது, ஏறாது என்று புத்திக்குத் தெரியும். உடம்பு கேட்கவில்லை. தண்ணீர் போகிற ஓட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் மகள் வந்து வெளியிலிருந்து துறப்புப் போட்டுத் திருப்பியதும் கதவு ஒரு சத்தமும் இல்லாமல் திறந்தது. வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளேயிருந்து திறக்காது. அதுதான் அந்தப் பூட்டுக்குப் பிடித்த வருத்தம்.

“ஏன் உம்மா கூப்பிடல்ல? பக்கத்தில வேலைக்காரர் நிண்டிரிப்பாங்களே.”

“நிண்டாங்க.”

“மறுகா?”

 மகள் என் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள்.

அடுத்த நாள் பின்னேரம், மகள் வந்து கேற்றைத் திறந்த பிறகு, மச்சி வந்தாள். அவளுக்கு என்னைப் போலக் கூச்சம் கிடையாது.

“என்னகா இது, எங்கட கூரையில மூணு தடியனுகள் நிக்கக்குள்ள நீங்க கொப்பறா மாதிரி உள்ளுக்கே காஞ்சிக்கிட்டு இருந்தீங்களாம்?”

“இத்தாவில சத்தம் போடுறதா மச்சி?”

“நான் மௌலவியாட்டக் கேட்டுட்டுத்தான் வாறன். உயிருக்கு ஆபத்தெண்டா சத்தமென்ன, ஆளே வரலாமாம். கதவை ஒடச்சிட்டு மறுபக்கம் பாத்துட்டு நிப்பானுகள், விசயம் முடிஞ்சிது.”

சட்டம் எனக்கு விளங்கியது. தொண்டைக்குத்தான் விளங்கவில்லை. அதையே அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய், பேரப்பிள்ளை விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய விசில் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.

“இந்தாங்க. இதுக்கு ஆம்பிள பொம்பிள குரலெண்டு இல்ல. ஊதுங்க, நான் வாறன்.”

ஊதிப் பார்க்கச் சொன்னாள். ஊதினேன். காற்றுத்தான் வந்தது. மச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அவர் போன பிறகு முதன்முதலாக. அதுதான் பைக்குள் வந்த முதல் சாமான், பை தைக்கும் முன்னமே.

ஆனால் பயம் போகவில்லை. இத்தா முடிந்தபிறகு ஆள் பிடித்துப் பூட்டை மாற்றலாம் என்று சொல்லி, மகள் பூட்டின் நாக்கை உள்ளே அமத்தி அதன்மேல் டேப் ஒட்டிவிட்டாள். இனிக் கதவு கொளுவாது. கொளுவாத கதவு காற்றுக்குத் தானாகத் திறக்கும். வீட்டில் ஒருவருமில்லை என்று தெரிந்தும், திறந்த கதவோடு என்னால் அங்கே இருக்க ஏலாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். கதவு முழுதாகச் சாத்துப்பட்டால் டேப் விட்டுப்போகுமோ என்று நெஞ்சு அடிக்கும். திறந்தால் கூச்சம், சாத்தினால் பயம். கடைசியில் போவதையே குறைத்தேன். மகள் போன பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். போன் கொண்டு போங்க என்றாள் மகள். கொண்டு போய் யாரைக் கூப்பிடுவது? அவள் அக்கரைப்பற்றிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டும். மச்சியும் எப்போதும் வீட்டில் இருப்பவள் அல்ல, கேற்றைத் திறக்கிற ஒரே துறப்பும் மகளிடம்தான்.

வெயில் காலம். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. குசினியில் கண் இருட்டிக்கொண்டு விழுந்தேன். மகள் வரும்போது நான் எழும்பிச் சுவரில் சாய்ந்துகொண்டு இருந்தேன். நெற்றியில் கோழி முட்டை மாதிரி வீக்கம். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தாள். பிறகு சொன்னாள்: “இத்தா முடியுமட்டும் நான் நோ-பே லீவு எடுக்கப் போறன்.”

“வேல?”

“போனாப் போகட்டும்.”

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பாத்ரூம் கதவுக்காக என் பிள்ளையின் இத்தனை வருடம் போகப்போகிறது. மாத முடிவுவரை பொறு என்றேன். சரி என்றாள்.

இந்தக் கதை கட்டாருக்கும் போயிருக்கிறது. லீவில் ஊருக்கு வந்த ஒருவரிடம் மருமகன் ஒரு சாமான் கொடுத்தனுப்பினார். தோல் உறைக்குள் கனத்த இரும்பு. விரித்தால் குறடு. அதன் ரெண்டு கைக்குள்ளும் கத்தி, வாள், ரின் வெட்டி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் மடித்துக் கிடந்தன. வீடியோவில் வந்து விளக்கினார்.

“எல்லாம் ஒண்டுக்குள்ளேயே இரிக்கி மாமி. இது கையில இருந்தா கதவென்ன, காரையே கழட்டலாம்.”

காரைக் கழட்டி நான் என்ன செய்கிறது, கதவு திறந்தால் போதும் என்று மகளின் காதில் சொன்னேன். அவள் அதை அப்படியே சத்தமாகச் சொல்லிவிட்டாள். மருமகன் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் நல்ல மனதோடுதான் அனுப்பினார். ஆனால் அந்தச் சாமானோடு எனக்குச் சரிவரவில்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் கிளப்பி எடுக்க வேண்டும். என் நகத்துக்கு அந்தப் பலம் இல்லை. மடக்கும்போது விரல் தோலைக் கடித்தது. ஸ்குரூ டிரைவரைத் தேடி இழுத்தால் கத்தி வந்தது.

கத்திதான் எனக்குப் பெரிய பயம். குண்டுகள் வெடித்த பிறகு, எங்கள் ஊர்ப் பக்கம் ஆமிக்காரர் வீடு வீடாகச் சோதனை போட்ட காலம் ஒன்று இருந்தது. அலுமாரிக்குள், அரிசிப் பேணிக்குள், கட்டிலுக்குக் கீழ் எல்லாம் பார்த்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் இறைச்சி வெட்டுகிற கத்தி எல்லா வீட்டிலும் இருக்கும். அது எதற்கென்று கேட்டால் சொல்லலாம், சொன்னால் நம்புவார்களா என்பது வேறு. என் கணவர் எங்கள் கத்தியைச் சாக்கில் சுற்றிக் கிணற்றுக்குள் போட்டார். போட்டுவிட்டு, அது விழுந்த சத்தம் அடங்கும்வரை கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன நாளாகத் தேங்காய் உடைக்கிற கத்தியைக்கூட நான் ஒளித்து வைத்துத்தான் எடுத்தேன். அப்படி இருந்தவள் மடக்குக் கத்தியை உடம்போடு கட்டிக்கொண்டு திரிவேனா? இத்தா முடிந்து கிளினிக்குக்குப் போனால், வழியில் யாராவது பையைத் திறக்கச் சொன்னால் என்ன சொல்வேன்?

கத்தியை விட்டாலும் வேறொரு வில்லங்கம் இருந்தது. அது பிறகுதான் விளங்கியது.

ஒரு பகல், கதவை அகலத் திறந்து, அது சாத்துப்படாமல் கதிரை ஒன்றை இடையில் போட்டுக்கொண்டு, அந்தப் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என்னைப் பிடித்து வைத்திருந்தது எது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. உருண்டையின் கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. மருமகன் அனுப்பிய சாமானில் அதற்குள் போகக்கூடிய ஒன்றுமில்லை. என் கணவர் வயல் செய்த காலத்தில் மூட்டை வாய் தைத்த நீள ஊசி தையல் மெசின் லாச்சிக்குள் கிடந்தது. அதை எடுத்து அந்த ஓட்டைக்குள் விட்டேன். உள்ளே என்னவோ பதிந்து கொடுத்தது. ஊசியை அமத்திப் பிடித்துக்கொண்டே மற்றக் கையால் இழுத்தால் உருண்டை கையோடு வந்தது. ஊசியை விட்டுவிட்டு இழுத்தால் வரவில்லை.

அப்போதுதான் விளங்கியது. ஒன்றால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட சாமானில் ஒன்றை விரித்தால் மற்றதெல்லாம் அதன் கைக்குள்ளே அகப்பட்டுக்கொள்ளும். ரெண்டு கைக்கும் ரெண்டு சாமான் வேண்டும்.

உருண்டை கழன்றதும் கீழே ஒரு தட்டு. அதன் விளிம்பில் நகம் போகிற அளவு வெட்டு இருந்தது. தையல் மெசினோடு வந்த கட்டை ஸ்குரூ டிரைவரை அதில் வைத்து நெம்பினால் தட்டு வந்தது. கீழே ரெண்டு ஸ்குரூ ஆணி, தலையில் சிலுவை மாதிரி வெட்டு. அதற்கு மெசின் டிரைவர் பிடிக்காது. மருமகனுடைய சாமானில் அதற்கான முனை இருந்தது, ஆனால் அதன் கை தடிப்பு. நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் முட்டியது, ஆணியைத் தொடவே விடவில்லை. என் கணவருடைய மோட்டார் சைக்கிள் இன்னும் பின் விறாந்தையில்தான் நிற்கிறது. சீட்டைத் தூக்கினால் கீழே ரெக்சின் சுருளில் சாமான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் எடுத்துத் தரச் சொல்லி எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கைபிடி இல்லாத மெல்லிய ஸ்குரூ டிரைவர் ஒன்று அதில் கிடந்தது. கிறீஸ் மணத்தது. அவர் உடுத்த சறத்தில் எப்போதும் இருந்த மணம். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு துணியைச் சுற்றிப் பிடித்தேன். ஆணி திரும்பியது.

பிறகு ஒவ்வொரு பகலும் கழற்றிப் பூட்டினேன். கதிரையை மட்டும் எடுக்கவில்லை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று டோர்ச் சேர்த்தேன். கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தேன், குத்தியது, எடுத்தேன். குறடு கனம், நாடாவை இழுத்தது, எடுத்தேன். மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் பாத்ரூமுக்குள் ஈரமாகிவிடும், அதையும் எடுத்தேன். எடுத்து எடுத்து மிஞ்சியதுதான் இந்தப் பை. தலையணை உறை ஒன்றைக் கிழித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அறை வைத்துத் தைத்தேன். இருட்டில் தடவினாலும் எது எங்கே என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

மாத முடிவு வந்தது. காலையில் சப்பாத்துப் போடும்போது மகள் சொன்னாள்: “இண்டைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒபிஸ் பெரியவரிட்டக் கதைக்கப் போறன் உம்மா. நாளையில இருந்து வீட்டதான்.”

அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கேற்றுப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

நான் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். கதிரை போட்டு, கதவு திறந்திருக்க, எத்தனை தரம் கழற்றினாலும் அது விளையாட்டுத்தான். எனக்கே நம்பிக்கை வராத ஒன்றை நம்பி அவளைப் போ என்று எப்படிச் சொல்வேன்? முற்பகல் ளுஹாத் தொழுதேன். பிறகு போய்ப் பூட்டின் நாக்கிலிருந்த டேப்பை உரித்தேன். போனை மேசையில் வைத்தேன். உள்ளே போய், கதவைச் சாத்தி, பொத்தானை அமத்தினேன். டக் என்றது.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் செய்தது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தெரிந்தது. உருண்டையைத் திருப்பினேன். சும்மா சுற்றியது. பக்கத்து வீட்டில் கூரை வேலை எப்போதோ முடிந்துவிட்டது. மச்சி அன்று பாலமுனைக்கு, சம்மந்தி வீட்டுக்குப் போயிருந்தாள். டேப் உரிக்கும்போதே அது எனக்குத் தெரியும். கடல் கேட்டது.

ஊசியை எடுத்தேன். கை வேர்த்து ஊசி வழுக்கியது. ஓட்டை அகப்படவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கும் ஓட்டை எங்கே போகும்? நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு, டோர்ச்சை வாயில் கடித்துப் பிடித்துப் பார்த்தேன். அகப்பட்டது. அமத்தினேன். துணியால் உருண்டையைப் பிடித்து இழுத்தேன். வந்தது. தட்டும் வந்தது. முதல் ஆணி வந்தது, என் கையில் நிற்காமல் விழுந்து, உருண்டு, தண்ணீர் போகிற ஓட்டைக்குள் போய்விட்டது. போகட்டும் என்றேன்.

இரண்டாவது ஆணி அசையவில்லை.

எல்லா நாளும் திரும்பிய ஆணி. அன்று ஏனோ டிரைவர் அதன் தலையில் வழுக்கி வழுக்கிச் சுற்றியது. நேற்றுக் குளித்த தண்ணீர் தெறித்துத் துருப் பிடித்ததோ, நான்தான் போன முறை இறுக்கிவிட்டேனோ தெரியவில்லை. அமத்தினேன். வழுக்கியது. வாயில் டோர்ச் இருந்ததால் எச்சில் வடிந்தது, பல் தந்தியடித்து டோர்ச் வெளிச்சம் கதவில் ஆடியது. அவர் இல்லை. உலக்கையோடு வர யாருமில்லை. என் தோள் தழும்பு எரிந்தது, அது எரிய நியாயம் இல்லை, ஆனாலும் எரிந்தது. விசிலை எடுத்தேன். ஊதினால் யாருக்குக் கேட்கும்? ஒழுங்கையால் போகிற மீன்காரருக்குக் கேட்கலாம். ஊதவா என்று நினைத்தேன். ஊதினால் மகள் நாளையிலிருந்து வீட்டில்தான்.

விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊசியால் அந்த ஆணித் தலையின் வெட்டைக் கிண்டினேன். துரும்பு துரும்பாகச் செம்மண் நிறத்தில் துரு வந்தது. ஒரு கையால் கிண்டி, மறு கையால் துடைத்து, திரும்பவும் கிண்டி. பிறகு டிரைவரை அதில் நிறுத்தி, என் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு, ‘யா அல்லாஹ்’ என்று திருப்பினேன். கிரீச் என்றது. ஆணி உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை, திரும்பியிருந்தது.

ஆணி வந்ததும் வெளிப்பக்கத்து உருண்டை தானாகக் கழன்று நிலத்தில் தடார் என்று விழுந்தது. நான் ஒரு முழம் பின்னால் பாய்ந்தேன். கதவில் வட்டமாக ஓட்டை. அதற்குள்ளால் வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தேன். மேசை தெரிந்தது, மேசையில் போன் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில். இன்னும் நாக்கு ஒன்று பாக்கி. மெசின் டிரைவரை அதன் இடுக்கில் வைத்துத் திருப்பினேன். பிழையான பக்கம். மறுபக்கம் திருப்பினேன். கதவு என் முழங்காலில் இடித்துக்கொண்டு திறந்தது.

விறாந்தை வரை போக ஏலவில்லை. வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு போனை எடுத்தேன். மகள் இன்னும் சாப்பிடவில்லை.

“உம்மா? என்ன உம்மா? விழுந்துட்டீங்களா?”

“லீவு கேக்காத.”

“என்ன நடந்த?”

“பாத்ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு, நானே தொறந்துட்டு வந்துட்டன்.”

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு அடிப்பது மட்டும் கேட்டது.

“பூட்டிக்கிட்டு எண்டா, பூட்டு இறுகிட்டா?”

“இல்ல. நான்தான் பூட்டின.”

“உங்களுக்குப் பைத்தியமா உம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஒபிஸில் இருக்கிறாள் அல்லவா.

“பயத்தில செத்துட்டன் மகள். ஆனா தொறந்துட்டன். நீ சாப்பிடு. சாப்பிட்டுட்டு வேலையப் பாரு.”

பின்னேரம் வந்து நேரே பாத்ரூம் கதவுக்குத்தான் போனாள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அதற்குள்ளால் என்னைப் பார்த்தாள்.

“நல்ல ரிப்பேர். முந்தி தொறக்கல்ல. இப்ப சாத்தினாலும் ஆள் தெரியும்.”

“துணி அடைக்கலாம்.”

“எனக்கு நீங்க கழட்டிக் காட்டணும்,” என்றாள். ஒரு ஆணியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, இனி எதைக் கழட்டுவது என்றேன். பிறகு அவள் என் பையை வாங்கி, ஒவ்வொரு அறையாக விரலால் தடவிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் டிரைவரை எடுத்ததும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். திரும்ப அதன் அறைக்குள்ளேயே வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் கேற்றடியில் துறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“போகவா உம்மா?”

“பஸ் வந்திடும்.”

“தண்ணி குடிங்க.”

“ஓம்.”

“உண்மையாக் குடிக்கணும்.”

“ஓம் மகள், போ.”

கேற்றுப் பூட்டுகிற சத்தம் கேட்டது. நெஞ்சு வழக்கம் போல அடித்தது. அது இன்றைக்கும் அடிக்கிறது. இத்தா முடிந்து, புதுப் பூட்டுப் போட்டு, அவளுக்கு வேலை நிரந்தரமாகி, எல்லாம் ஆனபிறகும் அடிக்கிறது. அன்று குசினிக்குப் போய், கோப்பை நிறையத் தண்ணீர் வார்த்து, முழுவதும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் போக வேண்டி வந்தது. கையை இடுப்பில் வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.